லொம்பார்டன்வெஸ்ட் தெருவின் பேப்பர்க்காரர்

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் குடியேறிய புதிதில் மாலை டச்சு வகுப்புக்குப் போனேன். தினமும் உள்ளூர்ப் பேப்பரில் ஒரு செய்தியாவது படித்துவிட்டு வர வேண்டும் என்பது அங்கே சட்டம். டிராமில் பேப்பரை விரிப்பேன். தலைப்பைத் தாண்டுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். ஆசிரியை இதே ஊர்க்காரர். "உலகத்தின் முதல் பேப்பரே எங்கள் ஊரில்தான் வந்தது, 1605இல்!" என்றார் ஒருநாள். ஊர்ப்பெருமை என்றால் என்னவென்று மதுரைக்காரர்களுக்கும் தெரியும். உண்மையா என்று தேட உட்கார்ந்துவிட்டேன்.

பாதி உண்மை. ஆசிரியை சொன்ன பேப்பர்க்காரர் ஆப்ரஹாம் ஃபெர்ஹூவன், இங்கே லொம்பார்டன்வெஸ்ட் தெருவில் அச்சுக்கூடம் வைத்திருந்தவர். இன்று அந்தத் தெரு முழுக்கத் துணிக்கடைகள். தொடக்கத்தில் அவர் போட்டவை எப்போதாவது வரும் போர்ச் செய்தித் தாள்கள்தான். 'நியூவ டைடிங்கன்' என்று இன்று சொல்லப்படும் தொடர் 1620இல் வருகிறது. சில வாரங்களில் மூன்று முறைகூட. அதற்குள் ஸ்ட்ராஸ்பர்கில் யோஹான் கரோலுஸ் 1605இலேயே வாரப் பேப்பர் தொடங்கியிருந்தார். ஆசிரியையிடம் சொன்னேன். "சரி, மற்றவர்கள் படம் போட்டார்களா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆம்ஸ்டர்டாமில் 1618இல் வந்த பேப்பர் ஒற்றைத் தாள். படம் இல்லை, வெறும் எழுத்து நெரிசல். ஃபெர்ஹூவனுடையது பெரும்பாலும் எட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் பெரிய தலைப்பு, அதன் கீழே மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம்: கோட்டை, பீரங்கி, குதிரைவீரர்கள். அந்த ஒரு பக்கம் என் அன்றாடப் பேப்பரைவிட எனக்குச் சுலபமாகப் புரிந்தது. ஒரே கட்டையை வேறு செய்திக்கும் போட்டுக்கொள்வாராம். சிக்கனக்காரர்!

நடுநிலையை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. அவர் அன்று ஆண்ட்வெர்ப்பை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் பக்கம், கத்தோலிக்கர் பக்கம். 1620 நவம்பரில் பிராகா அருகே வெள்ளைமலைப் போரில் ஹாப்ஸ்பர்க் பேரரசர் படை வென்றதும் கொண்டாட்டம்தான்; தோற்றோடிய போஹிமியாவின் புராட்டஸ்டன்ட் மன்னர் பிரெடரிக்கை விடாமல் கேலி செய்தார். தன் தரப்பு அடி வாங்கினால் சத்தம் இருக்காது. இன்றைய கட்சிப் பத்திரிகைகளைப் படித்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அரசின் அனுமதி கையில் இருந்தும் தொழில் தங்கவில்லை. 1629இல் அந்தத் தொடர் நின்றது. பிறகு ஒரு வாரப் பேப்பர் நடத்திப் பார்த்தார், அதுவும் சில வருடம்தான். கடைசியில் அச்சுக்கூடம் மகன் கைக்குப் போக, அங்கேயே கூலிக்கு வேலை பார்த்து 1652இல் இறந்தார்.