றெயில் பெட்டி திருத்துகிறவருக்கு எவ்வளவு சம்பளம்? கொண்டாவில் தம்பிக்குச் சொன்னது

நான் இலங்கை றெயில்வேயில் பெட்டி திருத்துகிறவன். போன முறை ஊருக்கு வந்தபோது ஒழுங்கை முகப்பில் சைக்கிளோடு நின்ற தம்பி ஒருவன் மறித்துக் கேட்டான். "அண்ணை, றெயில் பெட்டி திருத்திற வேலைக்கு மாசம் எவ்வளவு வரும்?" ஏ.எல் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான். ஃபோனில் ஒரு தமிழ் வீடியோவைக் காட்டினான். தொடக்கச் சம்பளம் 19,900 ரூபாய் என்று போட்டிருந்தது. "இதுக்கு வாகனம் திருத்திற கராச்சிலேயே நிக்கலாம் போல கிடக்கு" என்றான்.

முதலில் அந்த 19,900ஐத் தீர்த்துவிடுகிறேன். அது இந்திய ரயில்வேயில் மூன்றாம் தர டெக்னீஷியனுக்கு ஏழாவது ஊதியக் குழு வைத்த அடிப்படைச் சம்பளம். சென்னைப் பெரம்பூரிலும் திருச்சிப் பொன்மலையிலும் உள்ள றெயில் தொழிற்சாலைகளில் நிற்கிறவர் இந்திய ரூபாயில் வாங்குவது. இந்திய ரூபாய் ஒன்று நம் காசுக்கு மூன்றுக்கு மேல். தமிழில் வேலை விவரம் தேடினால் முக்கால்வாசி தமிழ்நாட்டுக் கதைதான் வரும். பெரம்பூருக்கும் நமக்கும் உள்ள உறவு வேறு. 2019இல் உத்தரதேவியாகக் காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கிய எஸ் 13 பெட்டிகள் அங்கே செய்தவை. அவர்கள் செய்ததைத்தான் இங்கே நாங்கள் கழற்றிப் பூட்டுகிறோம்.

சரி, இங்கத்தைய கணக்கு. 2016 சம்பளச் சுற்றறிக்கையில் ஆரம்பநிலைத் தொழிலாளரை மூன்று தொகுதியாகப் பிரித்திருந்தார்கள். தேர்ச்சி இல்லாதவருக்கு 24,250, பாதித் தேர்ச்சிக்கு 25,250, கைத்தேர்ச்சி உள்ளவருக்கு 25,790. இது வெறும் அடிப்படை. இதற்கு மேலே வாழ்க்கைச் செலவுப் படி 7,800 இருந்தது, 2024இல் அது 17,800 ஆனது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படையை 24,250இல் இருந்து 40,000 ஆக்கினார்கள். கேட்டவுடன் எல்லாரும் துள்ளினார்கள். ஆனால் முந்தித் தனியாகத் தந்த சில கொடுப்பனவுகளை அடிப்படைக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆகவே உண்மையான கூட்டல் 8,250. அதுவும் ஒரேயடியாக இல்லை. 5,000மும் மிச்சத்தில் 30 வீதமும் 2025 ஏப்ரலில், மற்றது 2026, 2027 ஜனவரிகளில். வருடாந்தச் சம்பள ஏற்றம் ஆகக் குறைந்தது 250 என்று இருந்ததை 450 ஆக்கியது நல்ல விஷயம். அதைப் பற்றி ஒருவரும் பெரிதாகப் பேசவில்லை.

தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப கீழ இருக்கிறவருக்கும் மேல இருக்கிறவருக்கும் 1,540 ரூபாதானே வித்தியாசம்?" என்றான். கெட்டிக்காரன். பழைய அளவில் அவ்வளவுதான். ஆனால் அந்த 1,540 ரூபாய்க்குள்தான் வாழ்க்கை இருக்கிறது. தேர்ச்சி இல்லாதவராகச் சேர்ந்தால் பிரேக் கட்டை சுமப்பீர்கள், வண்டிக்கு அடியில் இறங்கி நிற்கும் குழியைக் கழுவுவீர்கள். கருவியைக் கையில் எடுப்பது மற்றவர். கைத்தேர்ச்சித் தொகுதியில் சேர்ந்தால் கருவியோடேயே மூன்றாம் தரம், இரண்டாம் தரம், ஒன்றாம் தரம், அப்புறம் விசேட தரம் என்று ஏறலாம். அதனால் விண்ணப்பிக்க முதல் கேட்க வேண்டியது எந்தத் தொகுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது. சம்பளத்தைப் பிறகு கேட்கலாம்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. நான் ஓ.எல் முடித்து இரண்டு வருடம் ஒரு கராச்சில் வெல்டிங் வேலை பார்த்தேன். கை நன்றாக ஓடும், காகிதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படித்தேன். மதிப்பீட்டு நாளில் சில பாட அலகுகளை மதிப்பிடுகிறவர் வரவில்லை. "பிறகு செய்யலாம்" என்றார்கள். சான்றிதழ் வந்தபோது என்.வி.க்யூ, அதாவது தேசிய தொழில் தகைமை, 4 என்று நினைத்துத் திறந்தேன். 3 என்று இருந்தது. 4 கேட்ட முதல் விண்ணப்பம் அதோடு போச்சு. யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. என் பெயருக்கு நேரே எந்த அலகு நிரம்பியது, எது நிரம்பவில்லை என்று நான் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள். மாதம் ஒரு தரம் பாருங்கள்.

என்.வி.க்யூ மதிப்பீட்டில் புள்ளி கிடையாது. திறன் உண்டு, இன்னும் இல்லை, இவ்வளவுதான் சொல்வார்கள். செய்த வேலைக்கெல்லாம் படமும் குறிப்பும் வைத்து ஒரு கோப்பு வேண்டும். கராச்சில் பழகிய பிள்ளைகள் திரும்ப முழுப் படிப்பும் இருக்கத் தேவையில்லை. முன் கற்றலை ஏற்கும் முறையில், பயிலுநர் பயிற்சி அதிகாரசபையான நைற்றா ஊடாக நேரே மதிப்பீட்டுக்குப் போகலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் ரெக் இருக்கிறது. ரயில்வேக்கென்றே கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் ஒரு ஜேர்மன் பயிற்சி நிலையமும் உண்டு. வேலை அறிவித்தல் போடும் அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும். அதில் போட்டிருக்கும் தகைமையைச் சொல் சொல்லாக வாசியுங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, தபாலில் தரும் பற்றுச்சீட்டை வீட்டுச் சாமித்தட்டில் வையுங்கள். என் அம்மா அப்படித்தான் வைத்தார்.

செய்முறைப் பரீட்சைதான் ஆளை விழுத்துவது. எனக்கு வந்தது ஓர் இரும்புத் தகடு. இரும்பு வாளால் வெட்டி, அரத்தால் ராவி, இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்த வேண்டும். வெல்டிங் கை என்பதால் எனக்கு அவசரம். முதல் கால் மணித்தியாலத்திலேயே ஒரு மூலையை அதிகமாகத் தின்றுவிட்டேன். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் கீழால் வெளிச்சம் வருகிறது. வெளிச்சம் வந்தால் பிழை, வேறு விளக்கம் இல்லை. மற்றப் பக்கத்தைக் குறைத்துச் சரிக்கட்டியதில் அளவு போனது. இரண்டாம் தடவைக்கு முன் மூன்று மாதம், இரவில் எங்கள் விறாந்தையில் பழைய இரும்புத் துண்டுகளை ராவினேன். பக்கத்து வீட்டு அன்ரி, "என்னடா, ஆரைக் குத்தப் போறாய்?" என்று கேட்டார். அரத்தை முன்னே தள்ளும்போதுதான் அழுத்த வேண்டும், இழுக்கும்போது தூக்க வேண்டும். இந்த ஒன்று கைக்கு வந்தால் பாதி பாஸ்.

நேர்முகத்தில் பொது அறிவு கொஞ்சம், வேலை அறிவு நிறைய. தண்டவாள அகலம் கேட்டார்கள். 1,676 மில்லிமீற்றர், பழைய கணக்கில் ஐந்தரை அடி. அப்புறம் ஒரு கேள்வி. "வாக்குவம் பைப் கழன்றால் பிரேக் பிடிக்குமா, விடுமா?" எனக்கு முன்னால் போன பையன் விடும் என்று சொல்லிவிட்டு வந்தான். பிடிக்கும். வெற்றிடம்தான் பிரேக்கை விட்டு வைத்திருக்கிறது. காற்று உள்ளே போனால் பிஸ்ரன் எழும்பிக் கட்டை சில்லோடு ஒட்டும். காற்று பிரேக் உள்ள பெட்டியிலும் பைப் வெடித்தால் பிரேக் பிடிக்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். பெட்டி அறுந்து தனியே நின்றாலும் உருண்டு போகக் கூடாது என்பதற்காக. காரணத்தோடு சொன்னால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வேலைத்தளத்தில் பேச்செல்லாம் சிங்களம். எனக்கு முதலில் பிடிபட்டது மூன்று சொல்: திரிங்க என்றால் பிரேக், லிஹன்ன என்றால் கழற்று, தத கரன்ன என்றால் இறுக்கு. என்னைப் பழக்கிய வயதான தொழிலாளி, எங்கள் பாஸுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. வண்டி வந்து நின்றதும் சுத்தியலால் சில்லைத் தட்டுவார், என் காதைக் காட்டுவார். நல்ல சில்லு கோவில் மணி மாதிரி இழுத்துக் கேட்கும். வெடிப்போ தளர்வோ இருந்தால் செத்த சத்தம். சில்லு அச்சின் நுனியைத் தாங்கும் அச்சுப் பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கவும் அவர்தான் காட்டினார். உள்ளங்கை சுட்டுப்போனால் அன்றைக்கு வேலை செய்ய முடியாதாம். வேலையில் சேர்ந்த பிறகு இரண்டாம் மொழித் தேர்ச்சியும், வேலைத்திறன் பார்க்கும் தடைதாண்டல் பரீட்சையும் கட்டாயம் வரும். அவற்றைத் தள்ளிப்போட்டால் சம்பள ஏற்றம் நிற்கும். நான் முதல் வருடமே எழுதி முடித்தேன்.

கையில் என்ன மிஞ்சும் என்பது வேறு கதை. கனமான திருத்த வேலை இரத்மலானையில். அறை வாடகை, கடைச் சாப்பாடு என்று சம்பளத்தில் ஒரு பங்கு கொழும்பிலேயே கரையும். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கழிவு, அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதி எல்லாம் சம்பளச் சீட்டிலேயே போய்விடும். மேலதிக நேர வேலை, அதுதான் ஓ.டி, கிடைக்கிற மாதம் கை நிறையும், கிடைக்காத மாதம் வெறும் அடிப்படையும் படியும்தான். ஓ.டியை நம்பி மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஊருக்கு வந்து போக றெயிலுக்குக் காசு கட்டத் தேவையில்லை என்பது பெரிய உதவி. அம்மாவுக்கு அதுதான் சம்பளத்தை விடச் சந்தோசம்.

தம்பி எல்லாம் கேட்டுவிட்டுப் போனான். வேலை வேண்டுமா வேண்டாமா என்று ஒன்றும் சொல்லவில்லை. நேற்று இரவு ஒரு படம் அனுப்பியிருந்தான். யாரிடமோ மூலைமட்டம் வாங்கி, தகரத் துண்டு ஒன்றை ராவி, விளக்குக்கு நேரே பிடித்திருக்கிறான். கீழால் இன்னும் மயிரளவு வெளிச்சம் தெரிகிறது.