கியர் லிவரும் ரேடியோவும் துருப்பிடித்த ஒரு போல்ட்டும்

புதுச்சேரி ரெயின்போ நகரில் குடியிருக்கும் என் மைத்துனர், 2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் அழைத்து, "மாமா, வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கியர் 'பி'யை விட்டு அசைய மாட்டேன் என்கிறது" என்றார். அவருடையது ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார். 'பி' என்பது வண்டியை நிறுத்தி வைக்கும் பார்க்கிங் நிலை. முந்தைய நாள் வந்து பார்த்த பட்டறைக்காரர், கியர் லிவர் அசெம்ப்ளியை முழுதாக மாற்ற வேண்டும், பொருள் வந்து சேரப் பத்து நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேச்சோடு பேச்சாக, ரேடியோவும் சில வாரங்களாகச் சரியில்லை, சத்தத்தைக் கூட்டினால் அணைந்துவிட்டு மறுபடி தானாகவே வருகிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது செய்திதான் என்னைக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்ப வைத்தது. ஒரே வண்டியில், ஒரே காலத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பழுதுகள் வருமானால், அவை உண்மையிலேயே தொடர்பில்லாதவைதானா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நான் மெக்கானிக் அல்லன். பாலிடெக்னிக்கில் மின்னியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், இரண்டு ஸ்க்ரூடிரைவர், ஒரு ஸ்பேனர் செட்டு ஆகியவற்றோடு எதை எதுவரை கண்டுபிடிக்கலாம் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

ஆட்டோமேட்டிக் காரில் லிவர் 'பி'யில் பூட்டிக்கொள்வது பழுதல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, பிரேக்கை மிதித்தால்தான் லிவரின் அடியில் இருக்கும் ஒரு சிறிய சோலினாய்டுக்கு மின்சாரம் போய், அது ஒரு கொக்கியை இழுத்து லிவரை விடுவிக்கிறது. பிரேக் மிதிக்கப்பட்டது என்ற செய்தியைச் சொல்வது, பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் விளக்குச் சுவிட்ச். ஆகவே லிவர் நகராத வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் லிவர் அன்று, வண்டியின் பின்புறம். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய் நின்று பாருங்கள். விளக்கு எரியவில்லை என்றால் ஃபியூஸையோ அந்தச் சுவிட்சையோ பார்க்க வேண்டும். பெரும்பாலும் வேலை அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் போய் லிவர் அசெம்ப்ளியைக் கழற்றுவது ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவதுதான்.

மைத்துனரின் வண்டியில் பிரேக் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அடுத்து, எஞ்சினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, லிவரின் அருகே காதை வைத்துக்கொண்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். நல்ல வண்டியில் 'டிக்' என்று ஒரு சிறு சத்தம் கேட்க வேண்டும். இங்கே கேட்கவில்லை. கியர் கன்சோலின் மூடியைக் கழற்றி, சோலினாய்டின் பிளஸ் ஒயருக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே அளந்தபோது 12 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தது. மின்சாரம் வந்து சேர்கிறது. ஆனால் சோலினாய்டின் இரண்டு ஒயர்களுக்கும் குறுக்கே அளந்தால் 3 வோல்ட்தான் காட்டியது. மீதி 9 வோல்ட் எங்கே போனது? சோலினாய்டிலிருந்து மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் ஒயருக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே மீட்டரை வைத்தேன். அந்த 9 வோல்ட்டும் அங்கே இருந்தது. எர்த் பாதையில் இருக்க வேண்டியது ஏறக்குறைய சுழியம். மின்சாரம் உள்ளே வர வழி இருக்கிறது, வெளியே போகத்தான் வழியில்லை.

இந்த மூன்று அளவுகளையும் எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்த எர்த் ஒயர் எங்கே போகிறது என்று தேட ஒன்றரை மணி நேரம் ஆனது. ஓட்டுநர் இருக்கையின் பக்கம், கதவை ஒட்டிய பிளாஸ்டிக் பட்டையை நெம்பி எடுத்து, கார்ப்பெட்டைத் தூக்கியபோது, பாடியில் முடுக்கியிருந்த ஒரு பத்து எம்.எம். போல்ட்டின் கீழே நான்கு கருப்பு ஒயர்கள் பச்சைக் களிம்பு பூத்து ஒட்டிக் கிடந்தன. கார்ப்பெட்டின் அடிப்பஞ்சு அன்றும் ஈரமாக இருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில் ரெயின்போ நகரின் தெருக்களில் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வண்டிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்தான் வந்தது, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, காயவைத்தாயிற்று என்று மைத்துனர் நினைத்திருந்தார். இருக்கை காய்ந்தது, மேல்பஞ்சு காய்ந்தது. அடியில் இருந்த ஈரம் ஆறு வாரம் அந்த போல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது.

ரேடியோவின் எர்த்தும் அதே போல்ட்டில்தான் சேர்ந்திருந்தது. எர்த் கெட்ட ரேடியோ முழுதாகச் செத்துவிடாததற்குக் காரணம் உண்டு: ஆன்டெனா ஒயரின் வெளியுறை வழியாக அது தனக்கொரு குறுக்குவழியைத் தேடிக்கொள்கிறது. மெதுவாகப் பாடும்வரை அந்த வழி போதும். சத்தத்தைக் கூட்டியதும் இழுக்கும் மின்னோட்டம் அதிகமாகி, மின்னழுத்தம் சரிந்து, செட்டு அணைந்துவிட்டு மறுபடி தொடங்குகிறது. ரெயின்போ நகரில் 102.8 ரெயின்போ எஃப்.எம். கேட்க முடியவில்லை என்று மைத்துனர் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு நிலையத்தின் மீது எந்தக் குற்றமும் இல்லை.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, போல்ட்டை எடுத்து, உப்புத்தாளால் பாடியையும் ஒயர் முனைகளையும் உலோகம் மின்னும்வரை தேய்த்து, புதிய பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். கிரீஸை முதலில் தடவிவிட்டுப் பிறகு முடுக்கக் கூடாது. அன்று மாலை கியர் 'டிக்' என்று விடுபட்டது. நாளை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்பவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகளில் லிவரின் பக்கத்தில் ஒரு சிறு மூடி இருக்கும், கைப்பிரேக்கை இழுத்து, காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, அந்த மூடியை எடுத்து உள்ளே சாவியையோ மெல்லிய ஸ்க்ரூடிரைவரையோ அழுத்தினால் லிவர் நகரும். அது அவசரத்துக்கான வழி. தினமும் அப்படியே ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் சொந்த வண்டியின் கதை வேறு. டி.என். 31 எண் கொண்ட பழைய பெட்ரோல் வண்டி, சாவி திருப்பித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, பத்து முறையில் இரண்டு முறை சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. ஒரு சத்தமும் வராது. கடலூரில் நான் காட்டிய ஒரு கடையில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள். பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினார்கள். இரண்டுக்கும் பணம் கொடுத்த பிறகும், தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலை காற்று வாங்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி அப்படியே நின்றது. மின்னியல் ஆய்வகத்தில் காலம் தள்ளியவன், மீட்டரை வீட்டில் வைத்துவிட்டு மற்றவர் ஊகத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

செல்ஃப் எடுக்காத வண்டியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஹெட்லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்பினால் வெளிச்சம் என்ன ஆகிறது என்பது. வெளிச்சம் மங்கி, 'டக டக' என்று வரிசையாகச் சத்தம் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பூத்துப் பிடிப்பை இழந்திருக்கிறது. நிற்கும் வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் அதை நம்ப முடியாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இல்லையென்றால் குறை பேட்டரியிடம் இல்லை, சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிடம். ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு எதுவும் சுற்றவில்லை என்றால் மோட்டாரையோ அதற்குப் போகும் தடித்த ஒயரையோ, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையையோ சந்தேகிக்கலாம். வெளிச்சம் கொஞ்சமும் மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால், மோட்டார் வரைக்கும் உத்தரவே போய்ச் சேரவில்லை. என்னுடையது இந்தக் கடைசி வகை. அதாவது பேட்டரியையும் மோட்டாரையும் தொடவே வேண்டியிருக்கவில்லை.

உத்தரவு போகும் பாதையில் சாவிச் சுவிட்ச், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), சில வண்டிகளில் கிளட்ச் பெடல் சுவிட்ச் ஆகியவை இருக்கும். ரிலேயைச் சோதிக்க, அதே அமைப்புள்ள ஹாரன் ரிலேயை எடுத்து இடம் மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. கிளட்ச் சுவிட்ச் என் வண்டியில் கிடையாது. மிஞ்சியது சாவிச் சுவிட்ச். இங்கே எனக்குச் சாட்சி சொன்னது ரேடியோதான். சாவியை ஆனில் வைத்து, ரேடியோவையும் ஏ.சி. புளோயரையும் ஓடவிட்டு, சாவிக்கொத்தைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல ஆட்டினேன். ஆட்டத்துக்கு ஏற்ப ரேடியோ நின்று நின்று பாடியது. செல்ஃப் சுற்றும் நொடியில் ரேடியோ நிற்பது இயல்பு. ஆன் நிலையில் நிற்பது இயல்பன்று. வீட்டுச் சாவி, பீரோ சாவி, பைக் சாவி, ஒரு பித்தளை முருகன் வேல் எல்லாம் கோத்த கொத்து, ஆண்டுக்கணக்காகத் தொங்கி ஆடிச் சுவிட்சின் உள்ளே இருக்கும் தொடுமுனைகளைத் தேய்த்திருந்தது.

சாவித் துளை உள்ள பூட்டுப் பகுதி வேறு, அதன் பின்னால் மாட்டியிருக்கும் மின்சுவிட்ச் வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. சாவி வழுக்கினாலோ திரும்பவே இல்லை என்றாலோ பூட்டைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே திருப்பினால் பாதிப் பேருக்கு அந்தப் பிரச்சினை அங்கேயே தீரும். என் வண்டியில் பின்னால் இருந்த சுவிட்சை மட்டும் மாற்றினேன். பூட்டும் சாவியும் அப்படியே இருந்ததால் உரிய சாவியை அடையாளம் கண்டால்தான் எஞ்சினை ஓடவிடும் இம்மொபிலைசரை மறுபடி பழக்க வேண்டிய வேலையும் இல்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல், டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், எதையும் கழற்றும் முன் இரண்டாவது சாவியால் முயன்று பாருங்கள். ஸ்டீயரிங்கைச் சுற்றி எதைக் கழற்றினாலும் பேட்டரி மைனஸை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அங்கே உள்ள மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றில் மீட்டரை வைக்கவே கூடாது.

கையால் கியர் போடும் வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைந்த நிலையில் வெண்ணெய்போல் விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், குறிப்பாக ரிவர்ஸ் போடும்போது 'கர்ர்' என்று அரைத்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை. கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. கிளட்ச் ஹைட்ராலிக் என்றால் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. எங்கள் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. எஞ்சின் அணைந்திருந்தும் லிவர் கஞ்சிக்குள் கரண்டி விட்டதுபோல் கொழகொழவென்று ஆடினால், கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கும். புஷ்ஷைத் தனியாகக் கேளுங்கள். முழுக் கேபிள்தான் வரும் என்று முதலில் சொல்வார்கள், இரண்டாவது கடையில் கிடைக்கும்.

ரேடியோவில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. வெளியில் வாங்கிப் பொருத்தும் செட்டுகளில் பெரும்பாலும் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியோடு இருப்பது, நினைவுக்கு உரியது. சிவப்பு, சாவி திருப்பும்போது மட்டும் உயிர் பெறுவது. ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் கடிகாரமும் சேமித்த நிலையங்களும் அழிந்துபோனால், மஞ்சளுக்கு மின்சாரம் வரவில்லை அல்லது இரண்டையும் இடம் மாற்றி இணைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து முறுக்கி நேரடிப் பேட்டரியில் கொடுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். செட்டை அணைக்க மறந்தால் விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடும். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் 'ஙொய்' சத்தம் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். ரேடியோவே உயிரில்லாமல், சார்ஜர் சொருகும் சாக்கெட்டும் வேலை செய்யாமல் இருந்தால், டார்ச் அடித்துச் சாக்கெட்டின் உள்ளே பாருங்கள். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் விழுந்து, இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸைக் கொளுத்தியிருப்பதை நான் இரண்டு வண்டிகளில் கண்டிருக்கிறேன். நாணயத்தை எடுக்காமல் ஃபியூஸை மாற்றினால் அதுவும் போகும். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும்.

என் வண்டியில் இப்போது மிஞ்சியிருப்பது, கடலூர்-புதுச்சேரி சாலையில் உள்ள கன்னியக்கோயிலைத் தாண்டும்போது ரேடியோ நிலையம் இரையத் தொடங்குவது மட்டும். கூரையில் உள்ள ஆன்டெனாவைத் திருகி எடுத்துப் பார்த்தேன். அடிக்கட்டையின் ரப்பர் வெடித்து, உள்ளே அதே பச்சைக் களிம்பு. துடைத்துவிட்டுத் தற்காலிகமாக சிலிக்கான் பூசியிருக்கிறேன். மைத்துனர் ஐப்பசிக்கு முன்பு தம் வண்டியின் கார்ப்பெட்டைத் தூக்கி அந்த போல்ட்டை மறுபடி பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பிவிட்டார். என் அடிக்கட்டை இன்னும் மாற்றப்படவில்லை.