எக்ஸ்பல்ஸுக்கு ஸ்டீயரிங் டேம்பர் மாட்டிய கதை

மண் ரோட்டில் அறுபதைத் தாண்டினால் என் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக்கின் ஹேண்டில் துள்ள ஆரம்பிக்கும். கெட்டியாகப் பிடித்தால் இன்னும் ஆடும். அரை மணி நேரம் அப்படி ஓட்டினால் முன்கை இறுகிப்போய் கிளட்ச் பிடிக்க விரல் வராது. இதற்குத்தான் ஸ்டெபிலைசர் என்றும் சொல்லப்படும் ஸ்டீயரிங் டேம்பர். காடு மேடு ஓட்டும் என்டியூரோ பைக்கை விற்றுவிட்ட நண்பரிடம் ஸ்காட்ஸ் கம்பெனியின் பழைய டேம்பர் ஒன்று சும்மா கிடந்தது, வாங்கிவிட்டேன். புதிதாக வரவழைத்தால் சுங்க வரியோடு சேர்த்துக் கையைக் கடிக்கும்.

ஆபீஸ் கதவில் இருக்கும் டோர் குளோசர் மாதிரிதான் இதுவும். டப்பாவுக்குள் எண்ணெய், அதில் ஒரு தகடு. ஹேண்டில் திரும்பும்போது தகடு எண்ணெயைச் சின்னத் துளை வழியாகத் தள்ளும். நாம் மெதுவாகத் திருப்பினால் தடையே தெரியாது. டயர் கல்லில் அடிபட்டு வெடுக்கென்று திரும்பினால் எண்ணெய் மறிக்கும்.

மாட்டுவதற்கு முன்னால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன்செட்டைப் பார்த்துவிடலாம் என்று இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து முன் வீலைத் தூக்கினேன். ஃபோர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் டக்கென்று ஒரு சத்தம். ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்பினால் நேர் நிலைக்கு வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிறது. கழற்றிப் பார்த்தால் கப்பில் பால்ஸ் உட்காரும் தடம் வரிசையாகக் குழி விழுந்திருந்தது. டேப்பர் ரோலர் பேரிங் போட்டதும் ஆட்டத்தில் பாதி போய்விட்டது. மண்ணுக்கு இறங்கும் முன் டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்ததில் இன்னும் கொஞ்சம். ட்யூப் டயர் என்பதால் ரொம்பவும் இறக்க முடியாது, ரிம்மில் கடிபட்டு பஞ்சர் ஆகும். டேம்பர் வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

எனக்குக் கோவையை அடுத்த மதுக்கரைப் பக்கத்துச் சரளைக்கல் பாதைகளில் மிச்ச ஆட்டமும் வேண்டாம் என்று தோன்றியதால் லேத் பட்டறைக்குப் போனேன். அண்ணன் டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, ஹேண்டில் லாக்குதான் வண்டியிலயே இருக்குதுங்களே, அப்பறம் இதெதுக்குங்க?"

எக்ஸ்பல்ஸுக்கென்று அளவெடுத்த கிட் என் கையில் இல்லை. ஹேண்டில் கிளாம்ப் போல்ட்டுகளின் இடைவெளியும் ஒத்துவரவில்லை. அதனால் அலுமினிய பிளேட்டில் புது மேல்கிளாம்ப். டேம்பரின் அச்சு, ஹேண்டில் சுழலும் தண்டின் தலையில் இருக்கும் ஸ்டெம் நட்டின் மையத்துக்கு நேர்மேலே வர வேண்டும். விலகினால் நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது, முழுசாக ஒடிக்கும்போது ஒரு பக்கம் டேம்பரின் கை இடிக்கும். அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்த பிறகுதான் அண்ணன் பிளேட்டைத் தொட்டார்.

கஷ்டம் சேஸிஸ் பக்கத்தில்தான். டேம்பரின் கை வந்து கோர்க்கும் 'பின்' என்ற சின்னக் கம்பி, வண்டியோடு அசையாமல் நிற்க வேண்டும். வெல்டிங் வைக்க எனக்கு மனசில்லை. சேஸிஸின் முன்முனையில் ஹேண்டில் தண்டு நுழையும் ஹெட் ட்யூபைச் சுற்றி இரண்டு பாதி வளையமாக இரும்பில் கடைந்து போல்ட் போட்டு இறுக்கினோம். சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும் இடம் மறையக் கூடாது. நாளைக்கு எஃப்சி-க்குப் போனால் பதில் சொல்ல முடியாது. வெல்டிங் பிசிறு இருந்த இடத்தில் வளையத்தை அரத்தால் ராவி உட்காரவைக்கவே மதியம் ஆகிவிட்டது. பின்னுக்கும் கையின் காடிக்கும் நடுவே துளி ஆட்டம் இருந்தாலும் அந்தத் துளி அளவுக்கு டேம்பர் வேலை செய்யாது. கிரீஸ் தடவி, போல்ட்டுகள் தளராமலிருக்க லாக்டைட் பசை விட்டு, இருபக்கமும் முழுசாக ஒடித்து கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டேன்.

ஸ்காட்ஸில் எனக்குப் பிடித்தது, நடுவிலிருந்து விலகும்போது மட்டும் தடுத்து, திரும்பி வரும்போது விட்டுவிடுவது. ஜிபிஆர் மாதிரி வேறு கம்பெனி டேம்பர்கள் சிலது இரண்டு திசையிலும் தடுக்கும். மேலே உள்ள திருகு பொதுவான இறுக்கத்துக்கு. வெடுக்கென்று வரும் அடிக்கு ஒரு வால்வு தனியாக இருக்கிறது. எவ்வளவு கோணம் வரை தடுக்க வேண்டும் என்பதற்கும் இரண்டு ஸ்குரு உண்டு. நான் திருகை மட்டும்தான் தொடுகிறேன். முதலில் நன்றாக இறுக்கி ஓட்டியதில் வேகத்தில் தண்டவாளத்தில் போவது போல் போனது. ஆனால் தென்னந்தோப்பு வண்டிப்பாதையில் நடை வேகத்தில் பேலன்ஸே நிற்கவில்லை. மெதுவாகப் போகும்போது நாம் அறியாமலே ஹேண்டிலை நொடிக்கு நொடி சரிசெய்கிறோம், அதையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. இப்போது முழுசாகத் தளர்த்தி, அங்கிருந்து சில கிளிக் மட்டும் ஏற்றி வைத்திருக்கிறேன். கல் அடித்தால் ஹேண்டில் லேசாக முறுக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது, முன்கைக்கு அந்த உளைச்சல் இல்லை.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் இன்னும் துள்ளல் இருக்கிறது. முன்பக்கம் அமுங்கினால் ஃபோர்க் நிமிர்ந்து ஹேண்டில் லேசாகிவிடும். அதைத் திருகை இறுக்கி மறைக்கப் போவதில்லை. அடுத்த வேலை ஃபோர்க் ஆயிலும் ஸ்பிரிங்கும்.