பிழைத்து வந்தவனோடு சில நாட்கள்

ஆகஸ்ட் 23, 2025

ஆத்தங்குடிக்குப் போனேன். தரையில் பதிக்கும் பூக்கல் பட்டறையில் வேலை பார்க்கும் பையன். போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியிருக்கிறான். மூச்சு அடங்கிப்போய், அந்த மருந்தின் வேகத்தை முறிக்கும் நலோக்சோன் போட்டு மீட்டிருக்கிறார்கள்.

"நீங்க யாரு தம்பி?" என்றார் அவன் அம்மா.

"நானும் இப்படிப் பொழைச்சு வந்தவன்தான்க்கா."

அதற்குமேல் கேட்கவில்லை. காபி வந்தது. பையன் முகம் கொடுக்கவே இல்லை. நகக்கண்ணில் சிவப்புச் சாயம் அப்பியிருந்தது. கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றுவதைப் பற்றிக் கேட்டேன். அதற்கு மட்டும் வாய் திறந்தான். இன்றைக்கு அது போதும். அறிவுரை சொல்ல ஊரே இருக்கிறது.

ஆகஸ்ட் 27

சதுர்த்தி. பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் பஸ்ஸில் ஏற முடியவில்லை. போனில் பேசினோம்.

"இனிமே தொடமாட்டேன்ணே."

நம்புகிறேன். ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொன்னேன். கொஞ்ச நாள் விட்டாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். முன்பு தாங்கிய அளவே இப்போது உயிரை எடுத்துவிடும். மனசு இழுத்தால் தனியாக இருக்காதே, எந்நேரமும் கூப்பிடு. இப்படிப் பேசுவது போதைக்கு வழி சொல்வது என்று போதையிலிருந்து மீண்டு வந்த எங்கள் ஆட்களிலேயே சிலருக்குக் கோபம். எனக்கு அவன் உயிரோடு இருக்கவேண்டும்.

ஆகஸ்ட் 31

அளவு மீறிய போதையில் இறந்தவர்களை நினைக்கும் நாள். 2001இல் மெல்போர்னில் தொடங்கியது. தேவகோட்டையில் நண்பர் வீட்டு முகப்பில் கூடினோம். பாதிப் பேர் அம்மாக்கள்.

ஒருவர் அழுதார்: "குறட்டை விட்டுத் தூங்குறான்னு விட்டுட்டேன்." இங்கே பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. தட்டி எழுப்பினாலும் எழமாட்டான், கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கிவிடும், உதடு நீலம் பாரிக்கும், தொண்டை கரகரக்கும். அது தூக்கம் இல்லை. உடனே 108. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதவேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும். நலோக்சோன் வேலை செய்வது அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரைதான். மாத்திரையின் வேகம் அதைத் தாண்டியும் நிற்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடக் கூடாது. இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

செப்டம்பர் 2

டாக்டர் புப்ரினார்பின் பற்றிப் பேசியிருக்கிறார், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா தம்பி?" என்று அக்கா கேட்டார். நியாயமான பயம். போதை ஏக்கத்தை அடக்கி, வேலைக்குப் போக வைக்கும், சாகும் ஆபத்தைக் குறைக்கும் மருந்து இது அக்கா என்றேன். சரி என்று முழுசாகச் சொல்லவில்லை. நாளைக்கு மூவரும் போய் டாக்டரிடமே கேட்கப்போகிறோம். சீக்கிரம் போனால்தான் ஓபி சீட்டு கிடைக்கும்.