நாலு காலில் விழுந்தாலும் மூச்சைப் பாருங்கள்

நான்காவது மாடி பால்கனியிலிருந்து விழுந்த எங்கள் பூனை முத்து, எழுந்து நடந்து பார்க்கிங்கில் ஒரு பைக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். ரத்தம் இல்லை, பின்னங்கால் மட்டும் லேசாக வீங்கியிருந்தது. “பூனைதானே சார், ஒண்ணும் ஆகாது” என்றார் வாட்ச்மேன் அண்ணன். ஆனால் மூச்சுக்கு மூச்சு அவன் வயிறு விலாவோடு சேர்ந்து ஏறி இறங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நாய் வாய் திறந்து இளைக்கலாம். அடிபட்ட பூனை அப்படி மூச்சு விட்டால் ஆபத்து.

அட்டைப்பெட்டியைப் பிரித்துத் துண்டு விரித்து, அவனை அலுங்காமல் நகர்த்தி ஏற்றினோம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் பால், தண்ணீர் எதுவும் கொடுக்கவில்லை. வலிக்கிறதே என்று பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, அரை மாத்திரையே உயிரை எடுக்கலாம்.

ஆஸ்பத்திரியில் நான் அவனுடைய வீங்கிய காலைக் காட்டினேன். டாக்டர், “கால் இருக்கட்டும், முதல்ல மூச்சைப் பார்ப்போம்” என்று ஆக்சிஜன் பெட்டிக்குள் வைத்தார். திணறும் பூனையை எக்ஸ்ரே மேசையில் அழுத்திப் பிடித்தால் அந்தப் போராட்டத்திலேயே உயிர் போகக்கூடுமாம். ஈறு வெளிறியிருந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்தால் முதுகுப் பக்கம் காற்றோசையே இல்லை. நுரையீரலிலிருந்து கசிந்த காற்று நெஞ்சறைக்குள் நிறைந்து, நுரையீரலையே நெருக்கிக்கொண்டிருந்தது. இரண்டு விலாவுக்கு நடுவே மெல்லிய ஊசி, அதிலிருந்து ஒரு குழாய், மறுமுனையில் சிரிஞ்ச். இழுக்க இழுக்க வெறும் காற்றுதான் வந்தது. அவர் இழுத்து வெளியேற்றிக்கொண்டே இருக்க, முத்துவின் வாய் மெல்ல மூடியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்புறம்தான் வலி ஊசி, சலைன், எக்ஸ்ரே எல்லாம். நுரையீரலில் ரத்தம் கட்டியிருந்தது. அது முதல் ஒரு நாளில் இன்னும் மோசமாகலாம் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஸ்கேனில் மூத்திரப்பை நன்றாக இருந்தது. கீழ்த்தாடை நடுவில் பிரிந்து கோரைப்பற்கள் ஏறுக்குமாறாக நின்றன. கம்பி சுற்றிக் கட்டினார்கள். கால் முதலில் தரையைத் தொட்டாலும் வேகம் தாங்காமல் நெஞ்சும் முகவாயும் மோதிவிடுகின்றன. தொடை எலும்புக்குத் தகடு வைத்தது மூச்சு சீரான பிறகுதான்.

நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987-இல் வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. இதைச் சொல்பவர்கள், அந்தப் பூனைகளில் பத்தில் ஒன்பதுக்கு நெஞ்சில் அடி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வராமலே செத்தவை அந்தக் கணக்கில் இல்லை.

பால்கனிக்கு நைலான் புறா வலை போதும் என்று இருக்காதீர்கள், முத்து கடித்துப் பிரித்தது அதைத்தான். இப்போது ஸ்டீல் வலை அடித்திருக்கிறோம். சுவரில் துளை போட ஹவுஸ் ஓனர் விடவில்லையென்றால் கிரில்லோடு சேர்த்துக் கம்பியால் கட்டலாம். ஜன்னலில் வெல்க்ரோவால் ஒட்டிய கொசுவலையையும் நம்ப வேண்டாம், பூனை சாய்ந்தாலே பிய்ந்துகொண்டு வந்துவிடும்.