காதுகுத்து போட்டோவைத் தேடி ஒரு 8 ஜிபி

மாடி வீட்டு அக்காவின் 8 ஜிபி மெமரி கார்டு மூன்று வாரமாக என் மேஜையில் கிடக்கிறது. அவர் பையன் பழைய போனில் விளையாடி ஃபார்மேட் கொடுத்துவிட்டான். அவனுடைய காதுகுத்து போட்டோக்களே அதில்தான் இருந்தன. கம்ப்யூட்டர் தடயவியல் கற்றுக்கொள்கிறேன் என்று ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்த பாவம் எனக்கு.

முதலில் நகல். கார்டை மவுண்ட் செய்யாமலே, அதாவது கணினியில் திறக்காமலே, டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையால் முழு இமேஜ் (பைட் பைட்டாக ஒரு நகல்) எடுத்து, அதன் கைரேகை மாதிரியான ஷா-256 ஹாஷையும் குறித்துக்கொண்டேன். இந்த மாதிரி ஃபார்மேட் பெரும்பாலும் எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியலைத்தான் துடைக்கும். படங்கள் இருந்த இடத்திலேயே கிடக்கும். ஜேபெக் வகைப் படக் கோப்பு என்றால், பைட்டுகளை ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்களில் எழுதும்போது எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கி எஃப்எஃப் டி9 என்று முடியும். அந்தத் தலையையும் வாலையும் தேடினால் போதும் என்று நினைத்தேன்.

அழிந்த படங்களை மீட்க ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறதுதான், ஆனால் நானே எழுதிப் பார்க்க ஆசை. பைத்தானில் இருபது வரி. தலையைக் கண்டதும் தொடங்கி முதல் வால் வரை வெட்டு, அவ்வளவுதான். கோப்புகள் குவிந்தன. பாதி திறக்கவே இல்லை, மீதி தபால்தலை அளவு!

கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் அரை நாள் போனது. படத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் எக்சிஃப் பகுதிக்குள், முன்னோட்டத்துக்காக ஒரு குட்டி ஜேபெக் இருக்கிறது; அதற்கும் தலையும் வாலும் உண்டு. பெரிய படத்தை நான் அந்தக் குட்டியின் வாலோடு வெட்டியிருக்கிறேன்.

அப்புறம் இரண்டு மாற்றம் செய்தேன். இந்த மாதிரி கார்டில் கோப்பு எப்போதும் செக்டார் எனும் 512 பைட் கட்டத்தின் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கும்; அதனால் 512 பைட்டுக்கு ஒருமுறை மட்டும் தலையைப் பார்த்தேன். தாறுமாறான பைட்டுகளில் இந்த மூன்று பைட் வரிசை 1.68 கோடி இடங்களுக்கு ஒருமுறை தற்செயலாக வரலாம். 8 ஜிபி முழுக்கத் தேடினால் ஐந்நூறு பொய்த் தலைகள் வரை வரும். செக்டார் தொடக்கங்களில் மட்டும் தேடினால் ஒன்றோ இரண்டோ. அடுத்து, ஜேபெக்கின் முன்பக்கத்தில் எக்சிஃப் மாதிரி ஒவ்வொரு பகுதியும் தன் நீளத்தை முன்னாலேயே சொல்கிறது. அந்த அளவுக்குத் தாண்டி, படத் தரவு தொடங்குவதைக் குறிக்கும் எஃப்எஃப் டிஏ வந்த பிறகே வாலைத் தேடினேன். அங்கே படத் தரவில் எஃப்எஃப் வந்தால் பின்னால் 00 சேர்த்து எழுதப்படும், ஆகவே போலி வால் வராது.

நேற்று ராத்திரி படங்கள் முழு அளவில் வந்தன. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரே படத்தில் மட்டும் மேல்பாதி தெளிவு, கீழ்ப்பாதி சாம்பல்.

"இன்னா தம்பி, தாய்மாமன் மூஞ்சி கீது, மடியில புள்ளையக் காணோமே?"

கோப்பு துண்டு துண்டாகப் பதிவாகியிருக்கிறது. பிள்ளை வேறொரு கிளஸ்டரில் (கோப்புகளுக்கு ஒதுக்கப்படும் செக்டார் தொகுப்பு) இருக்கிறான். அந்தத் துண்டுக்குத் தலையும் இல்லை.