மொட்டை மாடியில் ஒரு கிண்ணம்

நேற்று ராத்திரி கிருஷ்ணகிரியில் நல்ல மழை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், மொட்டை மாடியில் கிண்ணம் வைத்து மழைத்தண்ணீர் பிடித்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தாள். 7 காட்டியது; 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே போனால் அமிலம். "அமில மழையே இல்லப்பா, நம்ம ஊரு காத்து சுத்தம்!" என்று ஒரே சந்தோஷம்.

அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். மாசே இல்லாத மழைகூட, கரியமில வாயு கரைவதால் 5.6 அளவில் லேசான அமிலமாகத்தான் இருக்கும். 7 வந்தால், மண் தூசியில் உள்ள கால்சியம் அமிலத்தைச் சமன் செய்திருக்கலாம். கிண்ணம் வேறு சாயங்காலத்திலிருந்தே திறந்து கிடந்தது.

அமெரிக்காவில் இப்படித் தூசி சேராமலிருக்கவே மழை விழும்போது மட்டும் தானாக மூடி திறக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். பிஎச்சோடு சல்பேட், நைட்ரேட், கால்சியம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். இந்தக் கண்காணிப்பு தொடங்கியது 1978இல். அனல் மின் நிலையங்களின் கந்தக டைஆக்சைடுக்கு (மழையில் சல்பேட்டாக இறங்குவது இதுதான்) தூய காற்றுச் சட்டத்தின் 1990 திருத்தப்படி 1995இல் கட்டுப்பாடு அமலானபோது, ஒப்பிட்டுப் பார்க்க பழைய கணக்கு கையில் இருந்தது. அதனால்தான் மழையில் சல்பேட் குறைந்ததை உறுதியாகச் சொல்ல முடிந்தது. எனக்கு இதில் பெரிய விஷயமே அந்த முன்கூட்டிய அளவுதான். அமில மழையால் கெட்ட ஏரிகள் மட்டும் மெதுவாகத்தான் தேறின. அவற்றைச் சுற்றியுள்ள மண்ணின் கால்சியத்தை அமிலம் ஏற்கெனவே கரைத்துக்கொண்டு போயிருந்தது.

சரி, இனி தூறல் ஆரம்பித்த பிறகுதான் கிண்ணம் வெளியே போகும். தேதியும் மழையளவும் எழுத மகள் ஒரு நோட்டும் போட்டுவிட்டாள்.